தராசில் ஏறாத தங்கம்: சொகுசுக் கடிகாரங்களின் விலை எங்கிருந்து வருகிறது?

நாகர்கோவிலில் நகை வாங்கப் போகிறவருக்குப் பில் எப்படி வரும் என்பது கடைக்குள் நுழையும் முன்பே தெரியும். அன்றைய பவுன் விலை, உருப்படியின் எடை, அதன் மேல் செய்கூலி, சேதாரம், கடைசியில் ஜிஎஸ்டி. இந்தக் கணக்கை மனத்திலேயே போட்டு முடித்துவிடும் பெண்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். கணக்குக்கு வெளியே கடைக்காரர் நூறு ரூபாய் கூட்டிச் சொன்னாலும் அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

தங்கக் கைக்கடிகாரத்திடம் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. குளச்சல், தேங்காப்பட்டணம், மார்த்தாண்டம், தக்கலை என்று வளைகுடா வேலைக்குப் போய் வருகிறவர்கள் நிறைந்த ஊர்களில், துபாய்க் கடையின் கண்ணாடிக்குள் பார்த்த தங்க வாட்சின் விலை அவ்வப்போது பேச்சில் வரும். விலையைக் கேட்டவர்கள் அடுத்துக் கேட்பது, அதில் எத்தனை பவுன் இருக்கும் என்பதுதான். சரியான கேள்வி அது. பதிலையும் அங்கிருந்தே தொடங்கலாம்.

தோல் வார் கட்டிய, மூன்று முள் மட்டுமே உள்ள மெல்லிய தங்கக் கடிகாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கேஸில், அதாவது வெளிக்கூட்டில், 40 கிராம் உலோகம் இருப்பதாகக் கொள்வோம். அது 18 காரட். நூற்றுக்கு 75 பங்குதான் தங்கம். ஆக, சுத்தத் தங்கம் 30 கிராம். நமக்குப் பழக்கமான 916 நகைக்கு மாற்றினால் நான்கு பவுனும் சொச்சமும். கணக்கு எளிதாக இருக்க, ஒரு பவுன் ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய நான்கு லட்சம். ஜெனீவாவின் முதல் வரிசை நிறுவனங்கள் இப்படிப்பட்ட கடிகாரத்தை 25 லட்சத்துக்கு மேல் விற்கின்றன. செயினும் தங்கத்திலேயே அமைந்த கனத்த கடிகாரம் என்றால் உலோகம் 160 கிராம் வரை போகலாம். சுத்தத் தங்கம் 120 கிராம், 916 கணக்கில் 16 பவுன், 16 லட்சம். கடை விலையோ 40 லட்சத்தைத் தாண்டும். முதல் கடிகாரத்தில் தங்கத்தின் பங்கு கூடிப்போனால் ஆறில் ஒன்று. இரண்டாவதில் ஐந்தில் இரண்டு. மீதி எதற்கான பணம் என்பதுதான் விளங்க வேண்டிய விஷயம்.

முதலில் 18 காரட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். 18 காரட் என்றால் நம் ஊரில் மதிப்புக் குறைவு. திருமணத்துக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். 1990களில் தனிஷ்க் நகைகள் 18 காரட்டில் சந்தைக்கு வந்தபோது இந்திய வீடுகள் அவற்றை ஏற்கவில்லை. பிறகு 22 காரட்டுக்கு மாறித்தான் அந்தப் பெயர் நிலைத்தது. தனிஷ்க்கின் தாய் நிறுவனமான டைட்டன், டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் கைகோத்து 1984இல் தொடங்கிய கடிகார நிறுவனம். அதன் நெபுலா வரிசைத் தங்கக் கடிகாரங்களோ 18 காரட்டில்தான் வருகின்றன. காரணம் எளிது. 22 காரட் தங்கம் கடிகாரத்துக்கு மிகவும் மென்மை. பின்மூடியின் மரை தேய்ந்துவிடும், செயின் கண்ணிகள் நெளியும், மேசையில் ஒரு தட்டு பட்டால் விளிம்பு அமுங்கும். வெள்ளியும் தாமிரமும் பல்லேடியமும் கால் பங்கு சேர்ந்தால்தான் தங்கம் ஓர் இயந்திரத்தைத் தாங்கும் கூடாக நிற்கிறது. கடிகாரத்தைப் பொறுத்தவரை இந்தக் கலப்பு கட்டாயத் தேவை; ஏமாற்று என்று எண்ணக் கூடாது.

இதில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தில் தங்கம், பிளாட்டினம் முதலிய உலோகங்களில் செய்த கடிகாரக் கேஸ் அரசு முத்திரை இல்லாமல் விற்பனைக்கு வர முடியாது. 1995 முதல் அந்த முத்திரை செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை வடிவத்தில் இருக்கிறது. இந்தியாவில் 2021 ஜூனில் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயமாக்கத் தொடங்கியபோது, தங்கக் கடிகாரங்களுக்கும் பவுண்டன் பேனாக்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே இங்கே ஒருவர் சுவிஸ் தங்கக் கடிகாரத்தை வாங்கும்போது, அதன் பின்மூடியில் உள்ள 750 என்ற எண்ணும் அந்த நாய்த்தலையும் மட்டுமே அதன் தரத்துக்குச் சாட்சி. அவற்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

இனி வேலை. நகைக்கும் கடிகாரக் கேஸுக்கும் அடிப்படையில் ஒரு வித்தியாசம் உண்டு. வளையலுக்குள் தண்ணீர் புகுந்தால் ஒரு நட்டமும் இல்லை. கடிகாரத்துக்குள் ஒரு துளி போனால் மெஷின் துருப்பிடிக்கும். எனவே கேஸ், பின்மூடி, கண்ணாடி, சாவி எல்லாம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாகப் பொருந்த வேண்டும். மென்மையான உலோகத்தில் இந்தத் துல்லியத்தைக் கொண்டுவருவது கடினம். தங்கத் தகட்டைப் பல டன் அழுத்தத்தில் அச்சில் அடிப்பார்கள். அடிபட்ட தங்கம் விறைக்கும். உலையில் சூடேற்றி இளக்கி மறுபடி அடிப்பார்கள். ஒரு கேஸுக்கு இது பலமுறை நடக்கும். இல்லையென்றால் கட்டித் தங்கத்திலிருந்தே கடைந்தெடுப்பார்கள். அப்போது எடுத்த தங்கத்தில் பெரும் பகுதி சீவலாக விழுந்துவிடும். சீவல் வீணாகப் போவதில்லை. நாகர்கோவில் வடசேரியின் நகைப் பட்டறையில் தரைத் தூசியைக்கூடக் கூட்டி வைப்பதைப் போல அங்கும் சீவலையும் பாலீஷ் தூசியையும் கழுவு நீரையும் சேகரித்துச் சுத்திகரிக்கிறார்கள். ஆனால் அத்தனை தங்கமும் மாதக்கணக்கில் முதலாகத் தேங்கி நிற்கிறது. அதன் வட்டி, காவல், காப்பீடு எல்லாம் கடிகாரத்தின் தலையில்தான் விழும். சேதாரம் என்று நம் பில்லில் ஒரு வரி இருக்கிறது. அங்கே அந்த வரி கண்ணில் படாது. செலவு மட்டும் இருக்கிறது.

உலோகக் கலவையிலும் உழைப்பு இருக்கிறது. ரோலெக்ஸ் நிறுவனம் ஜெனீவாவை ஒட்டிய பிளான் லே ஊவாட்டில் சொந்தமாக உருக்காலை வைத்திருக்கிறது. சிவந்த தங்கத்தில் தாமிரம் அதிகம். உப்புத் தண்ணீரும் வியர்வையும் பட்டால் நாளடைவில் நிறம் மங்கும். கடற்காற்றில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மங்கலைத் தடுக்கச் சிறிது பிளாட்டினம் சேர்த்து, எவரோஸ் என்ற கலவையை அந்த நிறுவனம் 2005இல் கொண்டுவந்தது. ஒமேகா அதே நோக்கத்தோடு பல்லேடியம் சேர்த்து செட்னா தங்கத்தை உருவாக்கியது. ஹூப்ளோ 2011இல் தங்கத்தையும் போரான் கார்பைடு பீங்கானையும் இணைத்து, எளிதில் கீறல் விழாத 18 காரட் தங்கத்தையே செய்து காட்டியது. இவையெல்லாம் உண்மையான ஆராய்ச்சிக்கான செலவுகள்.

பிளாட்டினத்துக்கு வருவோம். விலையின் நேர்மையைச் சோதிக்க இதைவிட நல்ல உரைகல் கிடையாது. தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும். பிளாட்டினத்துக்கு 1768 டிகிரி வேண்டும். கடையும்போது கருவியில் ஒட்டிக்கொண்டு அதன் முனையை மழுங்கடிக்கும். பாலீஷ் எளிதில் ஏறாது. ஆகவே தங்கத்தைவிடக் கூலி அதிகம் என்பது நியாயமே. ஆனால் உலோகச் சந்தையில் பத்தாண்டுகளாகப் பிளாட்டினத்தின் விலை தங்கத்தைவிடக் குறைவாகவே இருந்துவந்திருக்கிறது. கடிகாரக் கடையில் மட்டும் இந்த வரிசை மாறவே இல்லை. பிளாட்டினக் கடிகாரம் எப்போதும் தங்கத்துக்கு மேல்தான். 2008இல் ஓர் அவுன்ஸ் 2,000 டாலரைத் தாண்டிய பிளாட்டினம் அதே ஆண்டில் பாதிக்கும் கீழே சரிந்தது. கடிகார விலைப்பட்டியல் அதன் பின்னால் இறங்கிவிடவில்லை. கூலி ஒரு பகுதியை விளக்கும், மீதி அந்தஸ்துக்கான விலை. படேக் பிலிப் நிறுவனம் தன் பிளாட்டினக் கேஸ்களில் ஆறு மணிப் பக்கத்து விளிம்பில் சின்னஞ்சிறு வைரம் ஒன்றைப் பதிக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது எளிதில் தெரியாது, அணிபவருக்குத் தெரியும். ரோலெக்ஸ் பனிநீல நிற டயலைப் பிளாட்டினத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. வெள்ளையாக இருப்பது எஃகா, வெள்ளைத் தங்கமா, பிளாட்டினமா என்று தூரத்திலிருந்து தெரியாதபோது, தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற அடையாளங்கள் இவை. அடையாளத்துக்கும் சேர்த்துத்தான் பணம்.

மெஷினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1893இல் எழுந்த நாகர்கோவில் மணிமேடையின் கடிகாரத்தில் தொங்கும் எடை கீழிறங்கிச் செய்யும் வேலையைக் கைக்கடிகாரத்தில் சுருண்ட வில் செய்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட உறுப்புகள். இன்றைய பெரும்பாலான ஆட்டோமேட்டிக் மெஷின்களில் சமநிலைச் சக்கரம் மணிக்கு 28,800 முறை துடிக்கிறது. ஒரு நாளில் ஏறக்குறைய ஏழு லட்சம் துடிப்பு. ஆனால் ஒரே மெஷின் எஃகுக் கூட்டிலும் இருக்கும், தங்கக் கூட்டிலும் இருக்கும். ரோலெக்ஸ் டேடோனாவின் எஃகு வடிவத்தைவிட, செயினும் தங்கமான வடிவம் ஏறக்குறைய மூன்று மடங்கு விலை. உள்ளே ஓடும் மெஷின் ஒன்றே. ஆகவே இந்த வித்தியாசத்தை மெஷின் விளக்காது.

வரலாற்றில் ஒரு திருப்பம் இதற்கு உதவும். உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை சீக்கோ நிறுவனம் 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆஸ்ட்ரான் என்ற அந்தக் கடிகாரம் 18 காரட் தங்கக் கேஸில் வந்தது; விலை 4,50,000 யென். அன்றைய ஜப்பானில் ஒரு கார் வாங்கும் தொகை. துல்லியமான நேரம் அன்று அவ்வளவு விலையுயர்ந்த பொருளாக இருந்தது. சில ஆண்டுகளிலேயே குவார்ட்ஸ் மலிந்து, துல்லியம் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. 1970இல் ஏறக்குறைய 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1980களின் நடுவில் மூன்றில் ஒரு பங்கினர்தான் மிஞ்சினர். மணி காட்டுவதில் இனி வெல்ல முடியாது என்ற நிலையில் அவர்கள் கைவேலையையும் அரிய உலோகத்தையும் பெயரையும் விற்கத் தொடங்கினார்கள். இன்றும் துல்லியத்துக்கான குரோனோமீட்டர் சான்று பெற்ற சுவிஸ் மெஷின் நாளொன்றுக்கு நான்கு விநாடி பின்தங்கவும் ஆறு விநாடி முந்தவும் அனுமதி உண்டு. சில நூறு ரூபாய் குவார்ட்ஸ் அதைவிடச் சரியாக ஓடும்.

பெயரும் அருமையும் தங்கத்தையே வென்றுவிட முடியும் என்பதற்கு எஃகுக் கடிகாரங்களே சான்று. 1972இல் ஓடெமார் பிகே நிறுவனம், வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜெண்டா வரைந்த ராயல் ஓக் என்ற எஃகுக் கடிகாரத்தை அன்றைய பல தங்கக் கடிகாரங்களைவிடக் கூடுதல் விலைக்கு வெளியிட்டது. படேக் பிலிப்பின் பழைய 1518 மாதிரி பெரும்பாலும் தங்கத்தில் செய்யப்பட்டது. எஃகில் நான்கே நான்கு இருப்பதாகத் தெரிகிறது. அவற்றில் ஒன்று 2016இல் ஜெனீவா ஏலத்தில் 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. 2019இல் அறக்கொடைக்காக ஏலம் விடப்பட்ட, அதே நிறுவனத்தின் ஒரே ஒரு எஃகு கிராண்ட்மாஸ்டர் சைம் கடிகாரம் 3 கோடியே 10 லட்சம் பிராங்குக்குப் போனது. தங்கத்தில் வந்த அதே மாதிரிகள் இந்தத் தொகையை எட்டவில்லை.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் பிரித்தெடுக்கும் இல்மனைட்டும் ரூட்டைலும் டைட்டானியத்தின் தாதுக்கள். அதே மணலில் கிடைக்கும் சிர்கானிலிருந்து சிர்கோனியா வருகிறது. டைட்டானியக் கேஸும் சிர்கோனியா பீங்கான் கேஸும் இன்று சொகுசுக் கடிகாரச் சந்தையில் தங்கத்துக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. சில நிறுவனங்களில் தங்கத்தையும் தாண்டுகின்றன. டன் கணக்கில் ஏற்றப்படும் மணலின் சரக்கு, கடைந்து மெருகேறிய பிறகு அத்தனை விலை பெறுகிறது என்றால், விலையில் உலோகத்தின் பங்கு எவ்வளவு சிறிது என்பது விளங்கும்.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுத்துவது வடசேரியைப் பற்றிய நினைவுதான். நாகர்கோவில் கோயில் நகை என்று புவிசார் குறியீடு பெற்ற கலை அது. வெள்ளித் தகட்டை வளைத்து, கல் பதிக்கும் குழிகளைக் கட்டி, அரக்கு நிரப்பி, சிவப்பும் பச்சையுமான கெம்புக் கற்களை ஒவ்வொன்றாக உட்கார வைத்து, விளிம்பில் தங்கத் தகடு ஒட்டி முடிக்க ஒரு ராக்கொடிக்கே பல நாள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்ய வேண்டும். பரதநாட்டிய மேடைகளில் உலகம் முழுவதும் போகிற நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் சந்திரப்பிறையும் சூரியப்பிறையும் இந்தத் தெருக்களிலிருந்து போனவை. ஜெனீவாவில் ஒரு கேஸின் விளிம்பைக் கண்ணாடிபோல் மெருகேற்றும் தொழிலாளியின் விரலில் இருக்கிற பொறுமைக்கு இந்த ஆசாரிமாரின் விரலில் இருக்கிற பொறுமை ஒரு துளியும் குறைந்ததில்லை. ஆனால் இங்கே நகை தராசில் ஏறிவிடுகிறது. ஏறியவுடன் எடைக்கு ஒரு விலை நிர்ணயமாகி, கைவேலை அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட சதவீதமாகச் சுருங்குகிறது. அந்தச் சதவீதத்தையும் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம். செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்ற விளம்பரத்தைக் கண்டு மகிழ்கிறோம். செய்தவருக்குக் கூலியே இல்லை என்பதை ஒரு சலுகையாகக் கேட்டுப் பழகிவிட்டோம். பட்டறைகள் குறைந்துபோனதில் இதற்கும் பங்கு உண்டு.

சுவிஸ்காரர்கள் செய்த பெரிய காரியம், தங்கத்தைத் தராசிலிருந்து இறக்கியதுதான். அங்கே எடை எந்தப் பில்லிலும் வராது. பில்லில் இருப்பது மாதிரியின் பெயரும் ஒரே தொகையும் மட்டுமே. அதனால் வேலைக்கு அவர்கள் கேட்கிற விலையை எவரும் எடையோடு ஒப்பிட்டு வெட்ட முடிவதில்லை. இதில் மதிக்கத்தக்க பாதி ஒன்று உண்டு: கைத்திறனுக்கு முழுக் கூலி கிடைக்கிறது, தொழில் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஏற்க முடியாத பாதியும் உண்டு. எத்தனை கடிகாரம் சந்தைக்கு வர வேண்டும் என்பதை நிறுவனமே தேவைக்குக் கீழே நிறுத்தி வைக்கிறது. காத்திருப்புப் பட்டியல் நீள்கிறது. தங்கம் ஏறினால் அதைக் காரணம் காட்டி விலை ஏறுகிறது. 2025 தொடக்கத்தில் ரோலெக்ஸ் எஃகு மாதிரிகளைத் தொட்டும் தொடாமலும் விட்டு, தங்க மாதிரிகளின் விலையைக் கணிசமாக உயர்த்தியது. உலோகம் இறங்கும்போது என்ன நடக்கும் என்பதை 2008இன் பிளாட்டினமே காட்டிவிட்டது.

இந்தியாவில் வரியும் சேர்கிறது. சுவிஸ் கடிகாரத்துக்கு நெடுநாளாக 20 சதவீத இறக்குமதித் தீர்வையும் அதன் மேல் கூடுதல் தீர்வையும் சேர்ந்து 22 சதவீதம். பிறகு 18 சதவீத ஜிஎஸ்டி. நகைக்கான ஜிஎஸ்டி மூன்று சதவீதம்தான் என்பதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரம் வாங்குகிறவரிடம் ஒரு சதவீதம் வருமான வரி முன்கூட்டியே பிடிக்கப்படுகிறது. அதைக் கணக்குத் தாக்கலில் சரிசெய்துகொள்ளலாம். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட எஃப்டா (ஐரோப்பியத் தடையற்ற வர்த்தகச் சங்கம்) நாடுகளுடனான வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்ததால் இறக்குமதித் தீர்வை ஆண்டுக்கு ஆண்டு படிப்படியாகக் குறையும். துபாயில் மதிப்புக்கூட்டு வரி ஐந்து சதவீதமே என்பதால்தான் அங்கே வாங்கிக் கையில் கட்டிக்கொண்டு வரும் ஆசை பிறக்கிறது. ஆனால் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கும்போது அதைச் சுங்கத்தில் சொல்லியாக வேண்டும்.

வாங்கிய பிறகும் செலவு நிற்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மெஷினைப் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டு, முத்திரை வளையங்களை மாற்ற வேண்டும். நம் ஊர் வாட்ச் ரிப்பேர் கடைகளில் கை தேர்ந்தவர்கள் இருந்தாலும் அசல் உதிரிபாகங்களைப் பல நிறுவனங்கள் வெளியே கொடுப்பதில்லை. பெருநகரத்துச் சேவை மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பாலீஷிலும் கொஞ்சம் தங்கம் தேய்ந்து போகிறது, விளிம்பின் கூர்மையும் போகிறது. அதனால்தான் பழைய கடிகாரம் சேகரிப்பவர்கள் பாலீஷ் படாத கேஸுக்கு அதிகம் கொடுக்கிறார்கள்.

அவசரத்துக்கு அடகு வைக்க முடியுமா என்று கேட்டால், நகைக்கடன் மேசையில் தங்கக் கடிகாரம் தடுமாறும். எடை போட்டால் மெஷினும் கண்ணாடியும் சேர்ந்து வரும். கேஸைப் பிரித்தால் கடிகாரம் கெடும். பழைய வாட்ச் சந்தையில் விற்கலாம். அங்கே பெயர் பேசும். முதல் வரிசைப் பெயர்களின் சில மாதிரிகள் வாங்கிய விலைக்கு மேலும் போகின்றன. மற்றவை கடையை விட்டு வெளியே வந்த அன்றே பெரும் பங்கை இழக்கின்றன.

பெயர் பேசாதபோது என்ன மிஞ்சும் என்பது 1980இல் தெரிந்தது. அந்த ஜனவரியில் தங்கம் ஓர் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டபோது, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய பாக்கெட் வாட்ச்களின் தங்கக் கூடுகள் கூட்டம் கூட்டமாக உருக்கப்பட்டன. கடிகாரமாக விற்பதைவிடத் தங்கமாக விற்பது லாபம் என்ற நிலை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் கூடில்லாமல் தனியே நின்றன. பழம்பொருள் சந்தையில் இன்றும் அவை அப்படியே கிடைக்கின்றன. தங்க விலை ஏறும் ஒவ்வொரு முறையும் இது திரும்ப நடக்கிறது. முதலில் உலைக்குப் போவது பெரிய பெயர் இல்லாத, சிறிய டயல் கொண்ட பெண்களுக்கான தங்கக் கடிகாரங்கள். அவற்றின் விலையை உருக்குகிறவர் நம் நாகர்கோவில் நகைக்கடைக்காரர் போடுகிற அதே கணக்கில்தான் போடுகிறார்: மெஷினை வெளியே எடுத்துவிட்டு, எடை பெருக்கல் 75 சதவீதம் பெருக்கல் அன்றைய விலை.